தொட்டிக்குப் பதிலாகத் தொட்டி

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு விளக்குவது எனக்கு எப்போதும் சிரமம். கொழும்பில் இருக்கும் ஒரு சிறிய கம்பனி, பால் சேகரிக்கும் நிலையங்களின் குளிரூட்டும் தொட்டிகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து விற்கிறது. பெட்டியில் ஓர் எச்சரிக்கை எரிந்தால் என்ன செய்ய வேண்டும், தொட்டியை எப்படிக் கழுவ வேண்டும், மின்சாரம் போய் வந்தால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் சொல்லும் வழிகாட்டிப் பக்கங்கள் மூன்று மொழியிலும் இணையத்தில் இருக்கின்றன. தமிழ்ப் பக்கங்களை, நாவற்குடாவில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடி எழுதுகிறவள் நான்.

அதற்கு முன் பல வருடங்கள் மட்டக்களப்பு நகரில் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்தேன். கலியாணக் கார்டு, நினைவு மலர், பாடசாலை விழா மலர் எல்லாம் என் விரல் வழியாகத்தான் அச்சுக்குப் போகும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகிய கை. திரையைப் பார்க்காமலே அடிப்பேன். பிழை வராது என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்லுவார். அது எனக்குள் ஒரு பெருமையாகவே படிந்துவிட்டது. கம்பனியில் இணையத்துக்கான யுனிகோட் எழுத்துத்தான் வேண்டும் என்றபோது, புதிய விசைப்பலகையைப் பழக எனக்குப் பொறுமை இருக்கவில்லை. வழக்கம்போல பாமினியில் அடித்து, அச்சகத்தில் நாங்கள் பாவித்த பழைய எழுத்து மாற்றி மென்பொருள் ஒன்றில் போட்டு, யுனிகோட் ஆக்கி அனுப்பினேன். எழுத்துகள் வடிவாகத்தான் தெரிந்தன. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பக்கங்களை வேர்ட்டில் எழுதுவதில்லை. வெறும் எழுத்துக் கோப்பு. தலைப்பு வேண்டுமென்றால் வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறி. பட்டியல் வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியின் முன்னாலும் ஒரு சிறு கோடு. அழுத்தமாகத் தெரிய வேண்டிய சொல்லின் இரண்டு பக்கமும் நட்சத்திரம். மற்றதை இணையத்தளம் பார்த்துக்கொள்ளும். ஆனால் எழுதுகிறவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதினால் அது குழம்பிவிடும். ஒருவர் கோடு போடுவார், இன்னொருவர் நட்சத்திரம் போடுவார். பட்டியலுக்கு முன்னால் ஒரு வெற்று வரியை விட மறந்தால், ஒன்றன்கீழ் ஒன்றாக வரவேண்டிய படிகள் எல்லாம் ஒரே பந்தியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நான் ஒரு பக்கத்தில் 'தாங்கி' என்றும் மறு பக்கத்தில் 'தொட்டி' என்றும் எழுதியிருந்தேன்.

அதனால்தான் எங்கள் குழுவுக்குள் சரிபார்ப்பான் வந்தது. அதை எல்லோரும் செக்கர் என்போம். ஒரு பக்கத்தை எழுதி அனுப்பினால், அது வரி வரியாகப் படித்து, விதியை மீறிய இடங்களைச் சிவப்பில் காட்டும். எழுதியவர் மட்டுமல்ல, குழுவில் எல்லோரும் பார்க்கலாம். முதல் மாதத்தில் என் பெயருக்குக் கீழேதான் சிவப்பு அதிகம். பிழை வராத கை என்று பெயரெடுத்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்! கணவர் முன்னறைக்கு வந்தால் திரையைச் சிறிதாக்கிவிடுவேன். ஆனாலும் அந்த விதிகள் நியாயமானவை. தலைப்புகளை ஒழுங்குபடுத்தினேன், கோடுகளை ஒரே மாதிரியாக்கினேன். பால் நிலையங்களில் 'தொட்டி' என்றுதான் சொல்கிறார்கள் என்பதால் 'தாங்கி' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் 'தொட்டி' போட்டேன். சிவப்பு குறைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது எனக்குப் பிடித்தும் போனது.

பிறகு ஒரு நாள் காலையில், நான் அனுப்பிய பக்கம் மேலிருந்து கீழ்வரை சிவந்து கிடந்தது. முதல் வரிக்கான செய்தியை வாசித்தேன். 'தொட்டி' பிழை, 'தொட்டி' என்று எழுதவும் என்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். அதேதான். அடுத்த வரியில் 'பொத்தான்' பிழை, 'பொத்தான்' என்று எழுதவும். அதற்கடுத்து 'போடவும்' பிழை, 'போடவும்' என்று எழுதவும். பக்கம் முழுக்க இப்படி.

இந்தப் புதிய விதியை எழுதியவள் எங்கள் குழுவிலேயே இளையவள். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. சிங்களப் பக்கங்களைப் பார்ப்பதும், செக்கருக்கு விதிகள் எழுதுவதும் அவள் வேலை. விதியோடு சேர்த்து ஆங்கிலத்தில் நீளமாக ஒரு விளக்கமும் எழுதியிருந்தாள். நான் அதைத் திறக்கவே இல்லை. தொட்டிக்குப் பதிலாகத் தொட்டி எழுதச் சொல்கிற ஒன்றுக்கு விளக்கம் வேறா என்று நினைத்தேன்.

அன்றைக்கே கணினி வழிக் கூட்டம் இருந்தது. என் முறை வந்ததும் அந்தச் செய்திகளைத் திரையில் காட்டி, ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன். தமிழ் தெரியாதவர்களுக்கும் புரிந்தது. இரண்டு பக்கமும் ஒரே வடிவம்தானே. சிலர் சிரித்தார்கள். குழுவின் பொறுப்பாளரும் சிரித்தார். அவர் வயதில் மூத்த சிங்களவர், நல்ல மனிதர், நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். அந்தச் சிரிப்போடு நான் நிறுத்தியிருக்கலாம்.

நான் நிறுத்தவில்லை. தமிழ் தெரியாதவர்கள் தமிழுக்கு விதி எழுதினால் இப்படித்தான் வரும் என்றேன். இந்த நாட்டில் பஸ்ஸிலும் அரசாங்கக் கந்தோரிலும் ஆஸ்பத்திரியிலும் தொங்குகிற பலகைகளில் எங்கள் மொழியை எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறையாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு எழுத்து மாறி ஆபாசமாகப் போன பலகைகளை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன் என்றேன். எங்களைக் கேட்காமலே எங்களுக்காக எழுதிவிட்டு, நாங்கள்தான் பிழை என்கிறீர்கள் என்றேன். என் குரல் நடுங்கியது. அது உண்மையான நடுக்கம்தான். பலகைகளைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

யாரும் சிரிக்கவில்லை இப்போது. அந்தப் பிள்ளை தன் கமெராவைப் போட்டிருந்தாள். முகம் சிவந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள். பிறகு தமிழில் சொன்னாள்: "மன்னிக்க வேண்டும் அக்கா." சேரும் மன்னிப்புக் கேட்டார். விதியை உடனே எடுத்துவிடச் சொன்னார். கூட்டம் முடிவதற்குள் என் பக்கம் சிவப்பில்லாமல் பச்சையாகிவிட்டது.

கணினியை மூடிவிட்டு எழும்பியபோது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. கணவர் வயரிங் வேலைக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்ததும், சோறு போட்டபடியே முழுக் கதையையும் சொன்னேன். தமிழில் ஒரு எழுத்தும் தெரியாத ஒரு சிங்களப் பெட்டை எனக்குத் தமிழ் படிப்பிக்க வந்தாள் என்றுதான் தொடங்கினேன். அவள் தமிழில் மன்னிப்புக் கேட்டதைச் சொல்லவில்லை.

"அப்பிடியே செல்லிப்போட்டியா?" என்று அவர் கேட்டார்.

"செல்லாம? சேர் உட்பட எல்லாரும் மன்னிப்புக் கேட்டவங்க."

"ஆ, அது!" என்று அவர் தொடையில் தட்டினார்.

அந்த வாரக் கடைசியில் வழிகாட்டித் தளத்தின் முன்பக்கத்தை மாற்றினார்கள். மேலே ஒரு தேடல் பெட்டி வந்தது. பக்கங்களின் பட்டியல் கீழே போய்விட்டது. தேட வேண்டியதை எழுதினால் உரிய பக்கம் வந்து நிற்கும் என்றார்கள். எனக்கும் சந்தோசம். மூன்று மொழியிலும் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சேர்ச்சின் பக்கத்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றோம். கணவர் கதையை எனக்கு முன்பே அங்கே கொண்டுபோயிருந்தார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர், சபையில் எல்லோரும் மதிக்கிறவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"நல்லாச் செல்லிரிக்கீங்க மகள். உங்களப்போல நாலு பேர் இரிந்தா நம்மட தமிழுக்கு ஒரு குறையும் வராது."

சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்து சிரித்தேன். ஆராதனைக்காகச் சத்தத்தை நிறுத்திய கைத்தொலைபேசி கைப்பைக்குள் கிடந்தது. வீட்டுக்கு வந்து பின்னேரம் எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பழுகாமத்துப் பால் நிலையத்திலிருந்து திரும்பத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். நான் திருப்பி அழைத்தேன், அவர்கள் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அந்த நிலையத்தின் பொறுப்பாளரே மறுபடி அழைத்தார். என்னைவிட மூத்த பெண். ஒரு பயிற்சி நாளில் சந்தித்து, ஏதும் பிரச்சினை என்றால் அழையுங்கள் அக்கா என்று நான்தான் இலக்கத்தைக் கொடுத்திருந்தேன். "தங்கச்சி, ஒருக்கா வந்து பாக்க ஏலுமா?" என்று மட்டும் கேட்டார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். செட்டிபாளையம் தாண்டி, களுவாஞ்சிகுடியில் திரும்பி, வாவிப் பாலத்தைக் கடந்து மேற்குக் கரைக்குப் போகும்வரை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பெட்டியில் ஏதோ பழுதாக்கும் என்றுதான் நினைத்தேன்.

நிலையத்து வாசலிலேயே புளித்த பாலின் மணம் முகத்தில் அடித்தது. சீமெந்துத் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஆனாலும் போகவில்லை. மோட்டார்சைக்கிளில் பால்கலன் கட்டிய இரண்டு மூன்று பேர், காலைப் பாலை ஊற்றுவதா திருப்பிக் கொண்டுபோவதா என்று தெரியாமல் நின்றார்கள்.

"நேத்து ஊத்தின பால் முழுக்க வாய்க்காலுக்குப் போச்சு," என்றார் ஒருவர். என்னைத் திட்டிச் சொல்லவில்லை. நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

பொறுப்பாளர் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "இஞ்ச பாருங்க தங்கச்சி. எச்சரிக்கை எரிஞ்ச உடன இதுக்குள்ளதான் தேடினன். தொட்டி குளிராகல்ல எண்டு அடிச்சா, முடிவு ஒண்டும் இல்ல எண்டு வருது. தொட்டி எண்டு மட்டும் அடிச்சன், அதுவும் இல்ல. பால் தொட்டிக்கு எழுதின புத்தகத்தில தொட்டியே இல்லயா? கொழும்புக்கு அடிச்சன். ஞாயித்துக்கிழமை ஒரு பொடியன்தான் இரிந்தான், அவனுக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்கு அடிச்சன்."

"சேர்ச்சில இரிந்தன் அக்கா. போன் சத்தமில்லாம வச்சிரிந்த."

"அதான் யோசிச்சன்."

அந்தப் பக்கம் இருக்கிறது என்பது எனக்கு நிச்சயம், நான்தானே எழுதினேன். என் தொலைபேசியில் பட்டியலுக்குப் போய், 'தொட்டி குளிராவிட்டால்' என்ற பக்கத்தைத் திறந்து, வரி வரியாக வாசித்துக் காட்டினேன். பெட்டியின் பின்பக்க வலையில் தூசு அடைத்திருக்கும், துடைக்கவும். சிவப்புப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கவும். பொறுப்பாளர் ஈரத்துணியால் வலையைத் துடைத்தார். தூசு திரள் திரளாக வந்தது. பொத்தானை அழுத்தினார். உள்ளே காற்றாடி உறுமிக்கொண்டு சுழன்றது. எச்சரிக்கை அணைந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் அவர். கையில் அந்தத் துணியைப் பிடித்தபடி தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவுக்கா அந்தப் பால் முழுக்க ஊத்தின நாங்க?"

பக்கம் இருக்கிறது, சொல்லும் இருக்கிறது, தேடினால் ஏன் வரவில்லை? இரண்டு தொலைபேசியையும் கையில் வைத்துக்கொண்டு அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தேன். என் பக்கத்திலிருந்து 'தொட்டி' என்ற சொல்லைப் பிரதி எடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டினேன். பக்கங்கள் வரிசையாக வந்தன. அதை அழித்துவிட்டு, அதே சொல்லை என் கையால் தொலைபேசி விசைப்பலகையில் அடித்தேன். முடிவுகள் எதுவும் இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

அழிக்கும்போதுதான் கண்டேன். கையால் அடித்ததில் ஓர் எழுத்தை அழித்தால், 'தொ' என்பதில் கொம்பும் காலும் சேர்ந்து ஒன்றாகப் போய் 'த' மிஞ்சியது. என் பக்கத்திலிருந்து ஒட்டியதில் அழித்தால், கால் மட்டும் கழன்று விழுந்தது. 'தெ' என்று கொம்போடு நின்றது. என் பழைய மாற்றி, கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் வைத்து ஒட்டியிருக்கிறது. பார்க்கிறவருக்கு அது 'தொ'. கணினிக்கு அது வேறு. 'தொட்டி' மட்டுமல்ல, பொத்தான், போடவும், கொதிநீர், கோளாறு என்று கொம்பும் காலும் உள்ள ஒவ்வொரு சொல்லும், நான் எழுதிய எல்லாப் பக்கத்திலும்.

தொட்டி பிழை, தொட்டி என்று எழுதவும். அவள் விதி அதைத்தான் சொன்னது.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. வெயில் ஏறாத காலை, முதுகில் வியர்வை ஓடியது. யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று நிமிர்ந்து பார்த்தேன். பொறுப்பாளர் எனக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னவாம்?"

"உள்ளுக்க எழுத்து மாறிக் கிடக்கு அக்கா. அதான் தேடினா வரல்ல."

"எனக்குத் தெரியும்," என்றார் அவர், பால்காரர்களுக்கும் கேட்கும்படி. "கொழும்பில இரிக்கிறவங்களுக்கு நம்மட தமிழ் எண்டா அவ்வளவுதான். ஏனோதானோ எண்டு எழுதி வச்சிரிப்பாங்க. ஆரு கேக்கிற?"

நின்றவர்கள் தலையாட்டினார்கள். சில நாட்களுக்கு முன் நான் சொன்ன அதே சொற்கள், என் மொழியிலேயே, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது அப்படியே போய்விடும். ஒருவருக்கும் தெரியாது. கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தேன். அந்தக் காலைப் பாலில் போட்ட தேநீர். கோப்பையைக் கீழே வைத்தேன்.

"இல்ல அக்கா," என்றேன். "கொழும்பு இல்ல. நான்தான். தமிழ்ல எழுதினது முழுக்க நான். என்ட பிழை."

அவர் என்னைப் பார்த்தார். பால்கலன்காரர் ஒருவர், "அப்ப நீங்கதானா?" என்று கேட்டார். கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஓம் என்றேன்.

"மறுகா இப்பிடி வராம திருத்துவீங்கதானே?" என்றார் பொறுப்பாளர்.

"ஓம் அக்கா."

"அப்ப சரி. தேத்தண்ணியக் குடிங்க, ஆறுது."

அதற்குமேல் அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. வந்தவர்களின் பாலை ஊற்றச் சொல்லிவிட்டு எழும்பினார். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஸ்கூட்டியை நிறுத்தினேன். வாவிக் காற்று பலமாக அடித்தது. தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு நான் அதற்கு முன் ஒருநாளும் தனியாக அழைத்ததில்லை. பழுகாமத்தில் நடந்ததைச் சொன்னேன். ஆங்கிலத்தில் தொடங்கி, நடுவிலே தமிழுக்கு மாறிவிட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தமிழில் பேசினாள். புத்தகத் தமிழ், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து.

"எனக்குத் தெரியும் அக்கா. தேடல் பெட்டி வந்தால் இந்தச் சொற்கள் கிடைக்காது என்று முன்பே தெரியும். அதனால்தான் அந்த விதியை எழுதினேன்."

"தெரிஞ்சும் ஏன் செல்லல்ல? கூட்டத்தில செல்லியிருக்கலாமே?"

அவள் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னாள். "நீங்கள் பலகைகள் பற்றிச் சொன்னீர்கள். அது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் நான் 'இல்லை அக்கா, நீங்கள் பிழை' என்று சொன்னால்... எப்படிச் சொல்வது... அது சரியில்லை என்று நினைத்தேன்."

நான் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்தச் செய்தி நல்லதில்லை அக்கா," என்று அவளே தொடர்ந்தாள். "தொட்டிக்குப் பதிலாகத் தொட்டி என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அது என் பிழை."

இப்படிப்பட்ட எழுத்துகளை நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். பாடசாலையில் இரண்டாம் மொழியாகப் படித்த தமிழ் மறந்துபோகாமல் இருக்க அவள் எதையாவது வாசிக்க வேண்டியிருந்ததாம். கையில் இருந்தது என் வழிகாட்டிப் பக்கங்கள்தான். விளங்காத சொல்லைப் பிரதி எடுத்து இணைய அகராதியில் போட்டால் சில சொற்கள் மட்டும் வருவதில்லை. ஏன் என்று தேடிக்கொண்டு போனதில் கொம்பையும் காலையும் கண்டிருக்கிறாள். தொட்டியைக் கழுவுவது எப்படி, வடிகுழாயைத் திறப்பது எப்படி என்று நான் எழுதியதை உட்கார்ந்து எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறாள். என் பக்கங்களை அவ்வளவு கவனமாக வாசித்தவர் இந்த உலகத்தில் வேறு ஒருவரும் இருந்திருக்க முடியாது. தமிழில் ஒரு எழுத்தும் தெரியாதவள் என்று அவளைப் பற்றித்தான் நான் வீட்டில் சொன்னேன்.

நான் பிழை விட்டதை என்னால் தாங்கிக்கொள்ள முடியும். தட்டச்சு செய்கிறவர்களுக்குப் பிழை புதிதில்லை. ஆனால் அன்றைக்கு என் பிழைக்கு மேலே நான் இழுத்துப் போர்த்தியது என்ன? எங்கள் ஆட்களுக்கு உண்மையாகவே நடந்த ஒன்றை. அதைக் கண்டதும் நியாயமுள்ள எல்லோரும் வாயை மூடினார்கள். நியாயமுள்ளவர்களாக இருந்ததால்தான் மூடினார்கள். இதை யோசித்தபோது ஸ்கூட்டியின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மீன் பெட்டி கட்டிய மோட்டார்சைக்கிள்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "பெற்றோல் முடிஞ்சா?" என்று கேட்டார். இல்லை என்று கையசைத்தேன்.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இரவிரவாக ஆங்கிலத்தில் எழுதிப் பாடமாக்கி வைத்திருந்ததில் பாதி மறந்துபோனது. விதி சரி, நான் பிழை, அதனால் ஒரு நிலையத்தின் ஒரு நாள் பால் வீணானது, அன்றைக்குப் பேசியதற்காகவும் வருந்துகிறேன் என்று சொல்லி முடித்தேன். கமெராவைப் போட்டுவைத்துக்கொண்டுதான் சொன்னேன். முகம் எரிந்தது. சேர் இரண்டு தரம் பரவாயில்லை என்றார், அந்தப் பால் நிலையத்தோடு தானே கதைப்பதாகச் சொன்னார், அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். நான் அவர்களைக் குத்திய அன்று கூட்டம் அரைவாசி நேரம் எனக்காக நின்றது. நான் தலைகுனிந்த அன்று ஒரு நிமிடமும் நிற்கவில்லை. அவர்கள் என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படி விரைந்து கடந்தார்கள் என்பது தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் கூனிக்குறுகிப்போனேன்.

அந்தப் பிள்ளை விதியைத் திரும்பப் போட்டாள். ஆனால் செய்தியை நீங்கள் எழுதித் தாருங்கள் அக்கா என்றாள். நான் இப்படி எழுதினேன்: 'இந்தச் சொல்லில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்துள்ளன. பார்வைக்குத் தெரியாது. தேடலில் கிடைக்காது. ஒன்றாக்கவும்.' அதைப் போட்டு ஓடவிட்டபோது என் பக்கங்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் சிவந்தன. கையால் திருத்துகிறேன் என்றேன். எதற்கு அக்கா, எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தக் கணினிக் கட்டளை ஒன்று இருக்கிறது என்றாள். கட்டளையைக் கொடுத்தாள், கண் இமைப்பதற்குள் முடிந்தது. முன்பு இருந்ததையும் இப்போது இருப்பதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் சிவப்பில் தொட்டி, வலது பக்கம் பச்சையில் தொட்டி. என் வருடக்கணக்கான வேலை அப்படி வரி வரியாக நின்றது. பாமினியை விட்டுவிட்டு புதிய விசைப்பலகையைப் பழகத் தொடங்கினேன். இப்போதும் ஒவ்வொரு விரலாகத்தான் அடிக்கிறேன்.

சேர்ச்சில் சொல்ல வேண்டியதும் இருந்தது. கணவரிடம் சொன்னபோது, "விடு, ஆரு அத ஞாபகம் வச்சிரிக்கப் போறாங்க?" என்றார். ஆனால் அதிபர் ஞாபகம் வைத்திருந்தார். அடுத்த ஞாயிறே யாரோ ஒருவருக்கு என்னைக் காட்டி அந்தக் கதையைத் தொடங்கினார். நான் இடையில் புகுந்து, "இல்ல ஐயா, அதில பிழை என்னிலதான். அந்தப் பிள்ள சரியாத்தான் செய்திரிக்கி" என்றேன். விளக்கியும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அது இரிக்கட்டும் மகள்," என்றார் கடைசியில். "எண்டாலும் அவங்களுக்கு ஒருக்காச் செல்லத்தான் வேணும்."

பக்கத்தில் நின்றவர் ஆமோதித்தார். அந்தக் கதை என் கையை விட்டுப் போய்விட்டது. இன்னும் சிலர் என்னை அதற்காகவே மதிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து, செட்டிபாளையத்தில் பால் நிலையக்காரர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. அந்தப் பிள்ளை கொழும்பிலிருந்து வந்தாள். திரையில் பார்த்ததைவிடச் சிறிய உருவம். அங்கே என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பழுகாமத்துப் பொறுப்பாளரும் வந்திருந்தார். அவளுடைய புத்தகத் தமிழைக் கேட்டு அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இருவரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்கார்ந்தார்கள். பின்னேரம் பஸ் ஏறப் போகும்போது, அவள் தன் பையிலிருந்து பொலித்தீனில் சுற்றிய ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"அம்மா தந்தது அக்கா. அலுவா, எங்கள் ஊர் இனிப்பு. எனக்குத் தமிழ் பழக்கிய மட்டக்களப்பு அக்காவுக்கு என்று சொல்லி அனுப்பினார்."

அவள் தன் வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லியிருந்தது அது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினேன். நன்றி என்று சொன்னேனா என்பதுகூட நினைவில்லை.

வீட்டில் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வெளியே வந்தபோது கணவர் அதைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டிருந்தார்.

"நல்லாரிக்கி. ஆரு தந்த?"

"எங்கட வேலையில இரிக்கிற சிங்களப் பிள்ள. அவட அம்மா செய்து குடுத்துவிட்டவ."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "அந்தப் பிள்ளயா? நீ ஏசினதெண்டு செல்லுவாய், அவளா?"

"ஓம்," என்றேன். "அவள்தான்."

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, பெட்டியின் மூடியைக் கையில் வைத்துச் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு மூடியைக் கீழே வைத்துவிட்டு, "நீயும் ஒண்டு எடுத்துச் சாப்பிடு" என்றார். நான் எடுக்கவில்லை. அவர் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார்.